ஞாயிற்றுக்கிழமைச் சூரனும் சனிக்கிழமை மானும்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேட்டையாட அனுமதி தரவேண்டும் என்று கேட்கும் ஒரு மனுவில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் உறவினர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவன். மொன்றியலுக்கு வந்து சேர்ந்ததே துவக்குச் சூட்டுக்குத் தப்பி ஓடித்தான். அப்படிப்பட்டவன் மான் சுடுகிறவர்களுக்காக ஏன் வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கேட்கலாம். மனுவை நீட்டியவர் முன்பு என்னோடு வேலை செய்தவர்; அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தாளைப் பார்த்தபடியே பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டேன். அது ஏன் என்று சொல்வதற்கு ஒரு நவம்பர் வாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அறையும் சமையலறையும் கொண்ட அப்பார்ட்மெண்டில் நானும் மனைவியும் இருந்தோம். அவள் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஒரு பெரிய லோண்டரியில் வேலை செய்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை படுக்கை விரிப்புகளை அழுத்தும் மெசினில் நின்றேன். கட்டிலைவிட அகலமான சூடான உருளைகள். ஈர விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை இன்னொருவர் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே விடவேண்டும். ஒருவன் கொஞ்சம் பிந்தினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டு, மெசின் நின்று, மேற்பார்வையாளர் வந்து வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஆகவே எதிரில் நிற்பவரின் மூச்சுக்கூடத் தெரிந்திருக்கவேண்டும்.

எதிரில் நின்றவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பிரெஞ்சுக் கனேடியர். இருபது வருடமாக அதே இடத்தில் நின்றவர். கை சுடாமல் விரிப்புப் பிடிப்பது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்ததும் அவர்தான், பிரெஞ்சு படிப்பித்ததும் பாதிக்குமேல் அவர்தான். அரசாங்க வகுப்பில் ஏழு மாதம் சொல்லித்தந்த பிரெஞ்சை அவர் வாயில் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய பேச்சு வேறு வகை, விழுங்கி விழுங்கிப் பேசுவார். ஆனால் மூன்று வருடம் முகத்துக்கு முகம் நின்றால் எந்தப் பாஷையும் பிடிபட்டுவிடும். அவர் சொன்னவை எல்லாம் இன்று என் மண்டைக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் விரிப்பு வராது. தலையணை உறை, துவாய் போன்ற சிறியவைதான் வரும், அதற்கு ஒருவர் போதும். அந்த மெசினைத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால் ஒரு சனி அவர், மறு சனி நான் என்று முறை வைத்திருந்தோம். ஞாயிறு லோண்டரிக்குப் பூட்டு.

அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. எண்பது கடந்த தகப்பன் ஒருவர் இருந்தார். கிழவர் பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவின் எல்லைக்குள் பிறந்தவர். ஆற்றைக் கடந்து, மொன்றியலிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக ஓடினால் வரும் ஊர். அங்கே குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காடு இருந்தது. காட்டின் நடுவே கிழவர் தன் கையால் அடித்த ஒரு பலகைக் கொட்டிலும் அதற்குள் ஒரு நாற்காலியும் இருந்தன. ஒவ்வொரு நவம்பரும் அந்த நாற்காலியில் இருந்து அவர் ஒரு மானைச் சுடுவார், அல்லது சுடாமல் திரும்புவார். அறுபது வருடத்தில் ஒரு வருடம்கூடத் தவறியதில்லையாம். இதை மகன் சொல்லும்போது விரிப்பு ஒருநாளும் கோணியதில்லை, கைகள் தம்பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பகுதியில் துவக்கோடு மான் வேட்டைக்கு விடுவது வருடத்தில் ஒரேயொரு கிழமை. திங்கள் தொடக்கம் சனி வரை. ஞாயிறு சுடக்கூடாது. ஞாயிறு ஓய்வு நாள், கோயிலுக்குப் போகும் நாள், காட்டில் நடக்கிறவர்களுக்கும் குதிரை ஓட்டுகிறவர்களுக்கும் பயமில்லாத நாள் என்று பழைய சட்டம். மொன்றியல் இருக்கும் கியூபெக் பக்கத்தில் ஞாயிறும் சுடலாம். அப்படியென்றால் இங்கேயே எங்காவது போகலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். கிழவருக்கு இப்போது நடக்க முடியாது, நாற்காலி வரைக்கும் வண்டி போகும் இடம் அது ஒன்றுதான் என்றார். பிறகு, வேறு ஒருத்தருடைய காட்டில் குந்தியிருந்து சுட்டால் அது வேட்டை இல்லை, இறைச்சிக் கடை என்று அப்பா சொல்லுவார் என்றார்.

அந்த வருடம் கிழவருக்கு நுரையீரலில் வருத்தம். வசந்தம் முழுக்க ஆஸ்பத்திரி. மகன் தனக்கிருந்த லீவு நாட்கள் எல்லாவற்றையும் கிழவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதிலேயே முடித்துவிட்டார். அடுத்த நவம்பரைக் கிழவர் காணமாட்டார் என்று டொக்டர் மகனிடம் சொல்லியிருந்தார். கிழவரிடம் சொல்லவில்லை. ஆனால் கிழவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அப்போது எங்களுக்கென்று கட்டிய கோயில் கிடையாது. ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்து, ஒரு மூலையில் திரை கட்டி, முருகனை வைத்திருந்தோம். அந்த வருடம் முதல்முறையாகச் சூரன் போர் நடத்துவது என்று முடிவு. ஆனால் கந்தசட்டி வந்து விழுந்தது செவ்வாய்க்கிழமையில். செவ்வாய்க்கிழமை யார் வருவது? பாதிப் பேர் பின்னேர ஷிஃப்ட், மீதிப் பேர் இரவு ஷிஃப்ட். ஒக்டோபரில் அதற்கென்று ஒரு கூட்டம் வைத்தோம். பியர்ஃபோன்ட்ஸ் புறநகரில் சொந்த வீட்டில் இருந்த ஒரு தமிழ்நாட்டு டொக்டர் வந்திருந்தார். கோயிலுக்கு முன்னின்று உதவுகிறவர், நல்ல மனிதர். அவர் எழுந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"திதின்னு ஒண்ணு இருக்குங்க. நம்ம சௌகரியத்துக்கு சஷ்டிய நகர்த்துறது சரியா படல."

சபையில் பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். எனக்குக் கூட்டத்தில் கதைப்பது பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. விரதத்தையும் அபிஷேகத்தையும் செவ்வாயே முடிப்போம், சூரன் போரை மட்டும் அடுத்து வரும் ஞாயிறுக்குத் தள்ளுவோம் என்றேன். அதற்குக் காரணமும் சொன்னேன்:

"ஆறு நாளும் வேலை செய்யிறவனுக்கு இருக்கிறது ஞாயிறு ஒண்டுதான். அந்த ஒரு நாளிலயும் முருகனைக் காட்டாட்டிப் பேந்து எந்த நாளில காட்டப்போறியள்?"

கை தட்டினார்கள். டொக்டரும் கடைசியில் சிரித்து, சரி என்றார். மேலே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு நிலவறையில் மேளம் அடிக்கலாமா என்று பாதிரியாரிடம் கேட்டோம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் நிலவறைக் கதவின் திறப்பை எங்கள் கையில் தந்தார். ஆக, யாருக்கும் ஒரு வில்லங்கமும் இல்லாமல் எங்கள் சூரனைக் கொல்லும் நாள் ஞாயிறுக்கு மாறியது. சூரனைச் செய்யும் பொறுப்பு, வாய் காட்டியவனுக்கே வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூரன் என்றால் ஆளுயர உருவம், தோளில் சுமக்கும் தண்டில் நிற்கும். நாலு பேர் சுமந்து அதை ஆட்டவேண்டும், முருகனுக்கு முன்னால் பாயவேண்டும், பின்வாங்கவேண்டும். யானைத் தலை விழும், சிங்கத் தலை விழும், பிறகு சூரனுடைய சொந்தத் தலை விழும். இதையெல்லாம் நான் லோண்டரியின் காட்போட் பெட்டிகளிலும் சட்டை கொழுவும் கம்பிகளிலும் செய்தேன். ஒவ்வொரு நாளும் மெசினில் நின்று அதைப் பற்றி அளந்துகொண்டிருப்பேன். சிங்கத்துக்குப் பிடரி மயிருக்கு என்ன செய்வது என்று ஒருநாள் புலம்பினேன். அடுத்த நாள் என் மெசின் கூட்டாளி ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து வைத்தார். நிலம் துடைக்கும் பழைய மொப் தலைகள், இருபதுக்கு மேல். பழுப்பு நூல்கள். தானே தோய்த்து, காயவைத்து, சிக்கெடுத்துக் கொண்டுவந்திருந்தார். எந்தச் சாமி, எதற்குச் சிங்கம் என்று கேட்கவில்லை. அன்று நான் பூரித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வந்து பார்க்கவேண்டும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அழைத்தேன்.

அந்த ஞாயிறுக்கு முந்திய சனி, அவருடைய வேட்டைக் கிழமையின் ஒரே சனி. அது அவர் வேலைக்கு வரவேண்டிய முறை.

அந்த வாரத் திங்கட்கிழமை அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். எனக்கு விரதத்தின் ஐந்தாம் நாள். பாலும் பழமும் மட்டும் உண்டு, மெசின் சூட்டில் நின்று, தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பற்றி நானே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"இந்தச் சனி என்ர முறை. நீ வந்து நிண்டியெண்டா நான் அப்பாவைக் கொண்டுபோவன்," என்றார். "அடுத்த ரண்டு சனியும் நான் நிப்பன்."

சூரன் தலைகள் முடியவில்லை, சனிக்கிழமை அந்த வேலை இருக்கிறது என்றேன்.

"வெள்ளி பின்னேரம் நான் வந்து பெயின்ற் அடிச்சுத் தாறன்," என்றார்.

அதற்குமேல் சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சனிக்கிழமை பகல் முழுதும் ஆட்கள் வந்து என் சூரனைப் பார்ப்பார்கள், புகழுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அதைச் சொல்ல முடியாதல்லவா? ஆகவே சமயத்தை எடுத்தேன். இது எனக்கு விரத காலம், ஒரு உயிரைக் கொல்லுவதற்குத் துணை போகமாட்டேன் என்றேன். அவர் அடுத்த விரிப்பின் முனையை எடுத்து உள்ளே விட்டார். பிறகு, கோபமில்லாமல், மெசினுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"கிழமை முழுக்க லீவெடுக்கக் கூடியவன் ஆறு நாளும் சுடலாம். டொக்டர் சுடலாம், லோயர் சுடலாம். ஆறு நாளும் வேலை செய்யிறவனுக்கு இருக்கிறது ஞாயிறு ஒண்டுதான். அந்த ஒண்டைத்தான் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

மூன்று கிழமைக்கு முன் நான் கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தைகள். சத்தியமாக அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. எனக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற வேகம்தான் இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கும் பதில் அது.

"எங்கட ஊரில ஞாயிறெண்டும் பாக்கேல்லை, திங்களெண்டும் பாக்கேல்லை. சுட்டுக்கொண்டேதான் இருந்தவங்கள்," என்றேன். "கிழமையில ஒரு நாளாவது வெடிச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு ஒரு இடத்தில சட்டம் இருந்தா, அது நல்ல சட்டம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓம்," என்றார். "அது சரிதான்." அதன் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. வெடிச் சத்தம் இல்லாத ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரிந்த அளவு அந்த ஊர்க் குதிரைக்காரருக்குத் தெரியாது. காட்டில் பயமில்லாமல் நடக்க விரும்புகிறவர்களின் நியாயத்தையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் நான் அதை அந்த நியாயத்துக்காகச் சொல்லவில்லை. செத்தவர்களையும் ஓடியவர்களையும் இழுத்துவந்து, ஒரு மனிதரின் வாயை அடைக்கப் பாவித்தேன். அதற்குமேல் எவராலும் பதில் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கந்தசட்டி முடிந்தது. புதன் காலை பாரணை. ஆறு நாளுக்குப் பிறகு சோறும் கறியும் சாப்பிட்டுக்கொண்டு, நடந்ததை மனைவியிடம் ஒரு வெற்றிக் கதைபோலச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, விரதம் நேற்றோட முடிஞ்சுது. பாரணையும் சாப்பிட்டாச்சு. பேந்தென்ன சனிக்கிழமை விரதம்?"

சூரன் போர் முடியும் வரைக்கும் முடியவில்லை என்றேன். அந்தப் போரை ஞாயிறுக்குத் தள்ளினதே நீங்கள்தானே என்றாள். அந்த மனிசன் மொப் தும்பைச் சிக்கெடுத்துக் கொண்டுவந்து தந்தவர் என்றும் சொன்னாள். நான் எழுந்து கை கழுவினேன். வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. இரண்டு நாளும் அவருக்கு எதிரே நின்று விரிப்புப் பிடித்தேன். "நான் சனி நிற்கிறேன், நீங்கள் போங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அத்தனை பிரெஞ்சு எனக்குத் தெரியும். சொன்னதை மாற்றினால் மரியாதை போய்விடும் என்று சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தேன். இரவோடு இரவாக அந்த வருடத்தின் முதல் பனி, மெல்லிசாக, எல்லாவற்றுக்கும் மேலே விழுந்திருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. முதல் பனியில் மான் எந்த வழியாகப் போனது, எப்போது போனது, எத்தனை போனது எல்லாம் புத்தகம்போலத் தெரியும், அப்பாவுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது என்று என் கூட்டாளி முந்திய வருடம் சொல்லியிருந்தார். ஜன்னலை மூடிவிட்டுப் பெயின்ற் டப்பாவைத் திறந்தேன்.

பத்தரை மணிக்கு வேலை முடிந்துவிட்டது. மூன்று தலையும் காய்ந்து, சிங்கத்தின் பிடரி சிலிர்த்து நின்றது. பார்க்க வருவதாகச் சொன்னவர்களில் இரண்டு பேர் வந்து, தேத்தண்ணி குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிப் போனார்கள். மிச்சப் பகல் முழுக்கச் சூரனின் மூன்று தலைகளோடு நான் அறையில் இருந்தேன். லோண்டரியில் அவர் தலையணை உறைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அவர் வரமாட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் ஞாயிறு மத்தியானம், நிலவறை நிரம்பி மேளம் தொடங்கும் நேரம், படிகளில் தகப்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி வந்தார். கிழவர் தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தலையில் வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பி, தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும் நிறம். பட்டுச் சேலைகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, முன்வரிசையில் அவரை இருத்தினாள்.

நான் தண்டின் முன் இடது பக்கம். சுமந்தபடி ஆடும்போது எதிரே கிழவரின் முகம் வந்து வந்து போனது. அவர் வேடிக்கை பார்க்கவில்லை. மரங்களுக்கிடையில் அசைவதை எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி, உடம்பு அசையாமல், கண்ணால் மட்டும் சூரனைப் பின்தொடர்ந்தார். யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை விழுந்தபோது சனம் ஆரவாரித்தது. கடைசித் தலை விழுந்து, "அரோகரா" முழக்கத்தில் சூரனை நிலத்தில் இறக்கி வைத்தோம். அப்போது கிழவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

ஏன் என்று பிறகுதான் மகன் சொன்னார். விழுந்த மிருகத்துக்கு முன்னால் அவர் தொப்பியோடு நிற்பதில்லையாம்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு நான் அவர்களிடம் போனேன். கிழவர் என் கையைப் பிடித்து, சிங்கம் நல்லாயிருந்தது என்றார். மூச்சு வாங்கினார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ மேல். உங்கள் சாமி உண்மையில் இந்த நாளில்தான் சண்டை பிடித்தவரோ என்று கேட்டார். அவள் வஞ்சகம் இல்லாமல் உள்ளதைச் சொன்னாள். இல்லை, சரியான நாள் செவ்வாய், எல்லோருக்கும் வேலை என்றபடியால் ஞாயிறுக்கு மாற்றினார்கள் என்றாள்.

கிழவர் தலையை ஆட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

"நல்லது," என்றார். "வேலை செய்யிற ஆக்களை நினைச்சிருக்கினம்."

மகன் நிலத்தில் கிடந்த சிங்கத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தில் நான் சொன்னதும், மெசினில் அவர் சொன்னதும், எனக்குக் கிடைத்த கைதட்டலும், அவருக்குக் கிடைத்த பதிலும் எல்லாம் சேர்ந்து வந்தன. எங்கள் சாமிக்கு நாள் மாற்ற ஒரு மணித்தியாலக் கூட்டம் போதுமாக இருந்தது. பாதிரியார் திறப்புத் தந்தார், திதி விட்டுக்கொடுத்தது, முருகனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிழவருக்கு ஒரு நாள் தேவைப்பட்டபோது ஞாயிறைச் சட்டம் பூட்டி வைத்தது, சனியை நான் பூட்டி வைத்தேன். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பிரசாதம் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போய், திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

திங்கட்கிழமை மெசினில் மன்னிப்புக் கேட்டேன். தடுமாறித் தடுமாறிக் கேட்டேன். அவர் விரிப்பின் முனையை எனக்கு எறிந்துகொண்டே, பரவாயில்லை, அடுத்த வருடம் இருக்கிறதுதானே என்றார். அடுத்த வருடம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிழவர் ஜனவரியில் போனார். நகரின் கிழக்குப் பக்கத்தில் இறுதிச் சடங்கு நடத்தும் ஒரு மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தார்கள். நானும் மனைவியும் மெட்ரோவில் போய், பிறகு பஸ் மாறி, உறைபனியில் நடந்து போனோம். எங்களைத் தவிர அங்கே பத்துப் பேர்தான் இருந்திருப்பார்கள். பெட்டி திறந்திருந்தது. மகன் அவருக்குக் கோட் சூட் போடவில்லை. சூரன் போருக்கு வந்தபோது போட்டிருந்த அதே கம்பளிச் சட்டை. கைகளுக்குக் கீழே, நெஞ்சோடு, செம்மஞ்சள் தொப்பி. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை பாதி வெளியே தெரிந்தது.

அது என்ன என்று மெல்லக் கேட்டேன். மகன் அதை வெளியே எடுத்து என் கையில் தந்தார். வேட்டைக்கு அனுமதி வாங்கும்போது அதனோடு தரும் அட்டை அது என்றார். மானைச் சுட்டதும், முதல் வேலையாக, அதில் அச்சிட்ட இலக்கங்களில் அன்றைய தேதியைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மானோடு கட்டவேண்டும். அப்பா ஒவ்வொரு வருடத்து அட்டையையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார், இந்தக் கடைசி நவம்பருடையது மட்டும் அவரோடு போகட்டும் என்று விட்டேன் என்றார்.

நான் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். இலக்கங்கள் வரிசையாக இருந்தன. என் விரல் தன்பாட்டில் அந்தச் சனிக்கிழமையின் இலக்கத்தில் போய் நின்றது. வழுவழுவென்று, வெட்டுப்படாமல், அப்படியே இருந்தது.

அட்டையை நானே அவருடைய சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.